லண்டனுக்குப் போக கொழும்பில் ஏறுவது ஏன்? பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டின் விலைக் கணக்கு

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. லண்டனில் தங்கச்சிக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா போய்த்தான் ஆக வேண்டும், ஆனால் பத்து மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கியே உட்கார முடியாது. எகானமியில் காலை நீட்ட இடம் ஏது? அதனால்தான் எங்கள் வீட்டில் முதன்முறையாகப் பிசினஸ் கிளாஸ் பற்றிய பேச்சு வந்தது. விலையைப் பார்த்ததும் பேச்சு அடங்கியும் போனது.

மண்ணடியில் லிங்கிச் செட்டித் தெருப் பக்கம் எங்களுக்கு வருஷக்கணக்காக டிக்கெட் போட்டுத் தரும் ஒரு பாய் இருக்கிறார். சிங்கப்பூர், கொழும்பு, துபாய் என்று வியாபாரத்துக்குப் போய்வருகிற பாதிப் பேருக்கு அவர்தான் டிக்கெட். நான் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, சென்னைக்குப் பதிலா கொழும்பு போட்டுப் பாக்கட்டுமா?”

சென்னை விமான நிலையத்துக்கான எம்ஏஏ என்ற மூன்றெழுத்தை அழித்துவிட்டு, கொழும்புக்கான சிஎம்பியை அடித்தார். (மெட்ராஸ் 1996இல் சென்னை ஆகிவிட்டது. விமான நிலையத்தின் குறியீட்டில் மட்டும் மெட்ராஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது.) சென்னைக்குப் பார்த்தபோது வந்த அதே கம்பெனிதான் திரையில் வந்தது. தோஹாவிலிருந்து லண்டன் போகும் அதே விமானம், அதே நாள், அதே மாதிரி படுக்கை இருக்கை. விலை மட்டும் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தது. நான் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

“டிக்கெட்டுக்கு விலை தூரத்த வச்சுப் போடறது இல்ல தம்பி. நீங்க எந்த ஊர்ல கிளம்புறீங்கன்றத வச்சுப் போடறது” என்றார்.

இந்த ஒரு வாக்கியம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

பஸ் டிக்கெட்டுக்கு ஸ்டேஜ் கணக்கு உண்டு. தூரம் கூடினால் காசும் கூடும். ரயிலும் அப்படித்தான். விமானம் அப்படி இல்லை. ‘கொழும்பிலிருந்து லண்டன்’ என்பது ஒரு சரக்கு, ‘சென்னையிலிருந்து லண்டன்’ என்பது வேறொரு சரக்கு. நடுவில் தோஹாவில் இரண்டு பேரும் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாலும், கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அவை வேறு வேறு பக்கங்கள்தான். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தந்த ஊர்ச் சந்தைக்கு ஏற்ற விலை எழுதியிருக்கும்.

ஊருக்கு ஊர் சந்தை மாறுவதற்கு முதல் காரணம் போட்டி. சென்னையிலிருந்து லண்டனுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேராகப் பறக்கிறது. இறங்கி ஏறாமல் போக வேண்டும் என்பவர் அதற்காகக் கூடுதலாகக் கொடுப்பார் என்பது கம்பெனிக்குத் தெரியும். கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேராகப் போவது ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ். அந்தப் பயணியைத் தன் பக்கம் இழுக்க துபாய்க்காரரும் (எமிரேட்ஸ்) தோஹாக்காரரும் (கத்தார் ஏர்வேஸ்) விலையை இறக்க வேண்டும். ஏனென்றால் அவர்கள் தருவது நடுவில் இறங்கி ஏறுகிற பயணம். இரண்டாவது காரணம், அந்த ஊரில் பிசினஸ் கிளாஸ் வாங்கக்கூடியவர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு டிக்கெட் எடுத்துத் தரும் பெரிய நிறுவனங்கள் எத்தனை என்பது. மூன்றாவது காரணம் வரி. அதைப் பிறகு சொல்கிறேன்.

இதை உலகத்தில் ரொம்ப நாளாகச் செய்துவருபவர்கள் லண்டன்காரர்கள். லண்டனிலிருந்து நியூயார்க் போக பிசினஸ் கிளாஸ் விலை அதிகம் என்றால், அவர்கள் முதலில் டப்ளினுக்கோ ஆஸ்லோவுக்கோ சின்ன விமானத்தில் போவார்கள். அங்கிருந்து ‘டப்ளின் – லண்டன் – நியூயார்க்’ ரிட்டர்ன் டிக்கெட்டில் ஏறி, தங்கள் சொந்த ஊர் வழியாகவே போவார்கள். கூடுதலாக ஒரு விமானம் ஏறியும் காசு குறையும். பிரிட்டனில் விமானப் பயணிகள் வரி என்று ஒன்று 1994 முதல் இருக்கிறது. டப்ளின் இருக்கும் அயர்லாந்து தன்னுடைய வரியை 2014இல் எடுத்துவிட்டது. டப்ளினில் தொடங்கி லண்டனில் 24 மணி நேரத்துக்குள் அடுத்த விமானம் ஏறிவிட்டால், அந்தப் போகும் வழிக்கு பிரிட்டிஷ் வரி கிடையாது. போட்டி ஒரு பக்கம், வரி ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து விலையை இறக்குகின்றன.

நமக்கு டப்ளின் மாதிரி பக்கத்தில் இருப்பது கொழும்பு. ஒன்றேகால் மணி நேரப் பறப்பு. கோலாலம்பூரும் இருக்கிறது; 2023 டிசம்பரிலிருந்து நமக்கு அங்கே விசா தேவையில்லை. ஆனால் மேற்கே லண்டன் போகிறவர் நாலு மணி நேரம் கிழக்கே போய்த் திரும்புவது வயதானவர்களுக்குத் தண்டனை. ஆஸ்திரேலியா, ஜப்பான் பக்கம் போகிறவர்களுக்குத்தான் கோலாலம்பூர் பொருந்தும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். ‘கொழும்பு வழியாக’ என்பதும் ‘கொழும்பிலிருந்து’ என்பதும் ஒன்றல்ல. சென்னை – கொழும்பு – லண்டன் என்று ஒரே டிக்கெட்டாக ஸ்ரீலங்கன் நமக்கு விற்கிறது. அது சென்னைச் சந்தையின் விலை. நேராகப் போக வாய்ப்புள்ள சென்னைக்காரரை இழுப்பதற்காக அவர்கள் போடும் விலை அது. அதுவும் பல சமயம் மலிவாகவே இருக்கும். கொழும்பிலிருந்து தோஹாக்காரர் என்ன செய்கிறாரோ, அதையே ஸ்ரீலங்கன் இங்கே செய்கிறது. ஆகவே வெளிநாட்டில் போய் ஏறுவதைப் பற்றி யோசிக்கும் முன், சென்னையிலிருந்தே நடுவில் ஒரு முறை இறங்கி ஏறும் ஒற்றை டிக்கெட்டின் விலையைப் பாருங்கள். ‘நேர் விமானத்தை விடக் கொழும்பில் ஏறினால் லாபம்’ என்று கணக்குப் போட்டுவிட்டு, நடுவில் இருக்கும் இந்த மூன்றாவது வழியை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

ஒற்றை டிக்கெட்டின் அருமை நம் தாத்தாக்களுக்குத் தெரியும். எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி கொழும்புக்கு ரயில். இத்தனைக்கும் ஒரே சீட்டு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அப்படித்தான் போனார்கள். ரயில் தாமதமானாலும் கையில் இருந்த சீட்டு கொழும்பு வரைக்கும் செல்லும். விமானத்திலும் இதே நியாயம்தான். ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், வேறு விமானத்தில் ஏற்றிவிடுவது கம்பெனியின் பொறுப்பு. சென்னை – கொழும்பு ஒரு டிக்கெட், கொழும்பு – லண்டன் வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால், இரண்டாவது கம்பெனிக்கு நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் தடவை இரண்டுக்கும் நடுவில் நாலு மணி நேரம் விட்டிருந்தேன், தாராளம் என்று நினைத்து. மீனம்பாக்கத்தில் அந்தச் சின்ன விமானம் இரண்டேகால் மணி நேரம் தாமதம். கொழும்பு விமான நிலையம் இருக்கும் கட்டுநாயக்கவில் இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி வரும் வரை காத்திருந்து, அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு புறப்பாட்டு வாசலுக்கு ஓடினேன். கவுன்டரை மூட ஏழெட்டு நிமிஷம்தான் இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகும் அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. தவறியிருந்தால் டிக்கெட் மொத்தமும் போயிருக்கும். அன்றிலிருந்து எனக்கு ஒரே முடிவு: முந்தின நாளே போய்விடுவது.

முந்தின நாள் போவதால் வரும் செலவு பெரிதல்ல. கட்டுநாயக்கவுக்குப் பக்கத்திலேயே நீர்கொழும்பு இருக்கிறது. சுமாரான விடுதிகள் நிறைய. இராயபுரத்திலிருந்து போகிறவருக்கு அந்த ஊர் அந்நியமாகவே இருக்காது. காயலோரம் படகுகள், காயும் கருவாட்டு வாசனை, தெருவுக்குத் தெரு மாதா கெபி, மீன் சந்தையில் காலையிலேயே ஏலச் சத்தம். அம்மா விடுதித் திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, “இது நம்ம காசிமேடு மாதிரியே இருக்குதுடா” என்றார். அந்த ஒரு ராத்திரி ஓய்வு அவர் முழங்காலுக்கு நல்லதாகவும் இருந்தது. இலங்கைக்குள் நுழைய ஈடிஏ என்ற முன் அனுமதி வேண்டும். இணையத்திலேயே வாங்கிவிடலாம். பெட்டியை எடுக்க வெளியே வந்துதான் ஆக வேண்டும் என்பதால் இதைத் தவிர்க்க முடியாது.

பெட்டி என்றதும் இன்னொன்று. பிசினஸ் கிளாஸில் 40 கிலோ வரை கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. ஆனால் சென்னை – கொழும்பு எகானமி டிக்கெட்டில் அவ்வளவு விட மாட்டார்கள். தங்கச்சிக்கு என்று முறுக்கும் வடகமும் பிரசவ லேகியமும் கட்டும்போது, பெரிய விமானத்தின் அளவைப் பார்க்காமல் சின்ன விமானத்தின் அளவைப் பார்த்துக் கட்டுங்கள். அல்லது அந்தச் சின்னப் பயணத்துக்குக் கூடுதல் கிலோவை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். விமான நிலையத்தில் வாங்கினால் விலை அதிகம்.

இப்போது கணக்கு. கீழே உள்ள எண்கள் கணக்கு எப்படிப் போடுவது என்று காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தேதிக்கு உங்கள் விலையைப் போட்டுப் பாருங்கள்.

சென்னை – லண்டன் ரிட்டர்ன் 3,00,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு – லண்டன் ரிட்டர்ன் 2,20,000. பார்த்தவுடன் 80,000 மிச்சம் என்று தோன்றும். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழிக்க வேண்டும். சென்னை – கொழும்பு போய்வர 18,000. விடுதி 7,000. ஈடிஏ, டாக்சி, சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,000. வெளிநாட்டுப் பணத்தில் கார்டு தேய்த்தால் வங்கி 3.5 சதவீதம் வரை மேல்கட்டணம் பிடிக்கும். 2,20,000க்கு அது 7,700. அந்த மேல்கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,386. எல்லாம் கூட்டினால் 2,59,086. உண்மையான மிச்சம் 40,914 ரூபாய். 80,000 பாதியாகிவிட்டது. திரும்பி வரும்போதும் ஒரு ராத்திரி தங்க நேர்ந்தால் இன்னும் குறையும்.

அடுத்தது வரி. இந்தியாவிலிருந்து கிளம்பும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். எகானமிக்கு 5 சதவீதம்தான். நான் சொன்ன 3,00,000 ரூபாய் டிக்கெட்டில் அடிப்படைக் கட்டணம் 2,50,000 என்றால் ஜிஎஸ்டி மட்டும் 45,000. கொழும்பில் தொடங்கினால் விலை குறைவாகத் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு.

ஆனால் சவுகார்பேட்டையிலோ மண்ணடியிலோ கடை வைத்து, ஜிஎஸ்டி எண் வைத்திருந்து, வியாபாரத்துக்காகவே பயணம் போகிறவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அவர் சென்னையிலிருந்து ஏறி, தன் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து பில் வாங்கினால், அந்த 45,000 உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொள்ளலாம். அவருக்கு சென்னை டிக்கெட்டின் அடக்கம் 2,55,000தான். கொழும்பு சுற்றி 2,59,000. நாலாயிரம் நட்டம், ஒரு நாளும் போச்சு. அதே டிக்கெட், அதே தேதி, ஆனால் அம்மாவைக் கூட்டிப்போகிற எனக்கு மிச்சம், கடைக்காரருக்கு நட்டம். “எல்லாரும் கொழும்பில் ஏறுங்கள்” என்று யாராவது பொதுவாகச் சொன்னால் நம்பாதீர்கள்.

என் சொந்த அளவுகோல்: எல்லாச் செலவும் போக ஆளுக்கு 50,000 மிஞ்சினால்தான் இந்தச் சுற்று. அதற்குக் கீழே என்றால் அம்மாவை அலைக்கழிக்க மனசு வராது.

அடிக்கடி போய்வருகிற குடும்பங்களுக்கு இதிலேயே இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு அதுதான் அதிகம் பிடித்தது. ரிட்டர்ன் டிக்கெட்டை எப்போதும் நம் ஊரில் தொடங்கி நம் ஊரில் முடிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. பெரிய கம்பெனிகளில் ஒருவழி டிக்கெட் பல சமயம் ரிட்டர்னில் பாதியை விட ரொம்ப அதிகமாக இருக்கும். ரிட்டர்ன்தான் மலிவு. சாதாரணமாக ஒரு ரிட்டர்ன் டிக்கெட் முதல் பயண நாளிலிருந்து ஒரு வருஷம் வரை செல்லும். சில மலிவுக் கட்டணங்களுக்கு மட்டும் அதைவிடக் குறைவான கெடு இருக்கும்.

அம்மா மே மாதம் லண்டன் போய் அக்டோபரில் திரும்புகிறார், அடுத்த மே மாதம் மறுபடி போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் மே மாதம் ஒருவழி டிக்கெட். அடிக்கடி பறப்பவர்களுக்குக் கம்பெனி தரும் மைல் புள்ளிகள் சேர்த்து வைத்திருந்தால் அவற்றை இங்கே போடலாம். அக்டோபரில் தொடங்கும் ‘லண்டன் – சென்னை – லண்டன்’ ரிட்டர்ன். அதில் அவர் அக்டோபரில் வீடு வந்து, அடுத்த மே மாதம் அதே டிக்கெட்டின் இரண்டாவது பாதியில் போய்விடுவார். அந்த அக்டோபருக்கு மறுபடி ஒரு லண்டன் ரிட்டர்ன். கொழும்பும் வேண்டாம், நீர்கொழும்பும் வேண்டாம். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் ரயில் மாறாமல் விமான நிலையம். லண்டன் சந்தையின் விலை சென்னைச் சந்தையை விடக் குறைவாக இருக்கும் காலங்களில் இது நன்றாக வேலை செய்யும். தங்கச்சி அங்கே பவுண்டில் கட்டினால் கார்டு மேல்கட்டணமும் இல்லை. முதல் தடவை லண்டனில் இறங்கும்போதே ஊர் திரும்பும் டிக்கெட்டும் கையில் இருப்பதால், குடியேற்ற அதிகாரி கேட்டால் காட்டலாம். பார்வையாளர் விசாவில் ஒரு தடவைக்கு ஆறு மாதத்துக்கு மேல் தங்க முடியாது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இதில் பிரிட்டிஷ் வரி கூடுமா என்று தங்கச்சி கேட்டாள். கூடாது. லண்டனிலிருந்து விமானம் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அந்த வரி உண்டு. 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை இந்தியாவுக்கு வரும் பிசினஸ் கிளாஸ் பயணிக்கு அது 216 பவுண்டாக இருந்தது. சென்னை ரிட்டர்னிலும் லண்டனிலிருந்து ஒரு தடவைதான் கிளம்புகிறோம், லண்டன் ரிட்டர்னிலும் ஒரு தடவைதான்.

எந்த வழியில் போனாலும் ஒரு விதி மாறாது. டிக்கெட்டில் எழுதிய பயணங்களை எழுதிய வரிசையில்தான் பறக்க வேண்டும். கொழும்பு – தோஹா – லண்டன் டிக்கெட்டை மலிவாக வாங்கிவிட்டு, கொழும்புக்குப் போகாமல் தோஹாவில் போய் ஏறிக்கொள்ளலாம் என்று நினைத்தால், முதல் பயணத்துக்கு நீங்கள் வராததும் மீதி எல்லாமே ரத்தாகிவிடும், திரும்பி வரும் டிக்கெட் உட்பட. பாய் இதை ஒவ்வொரு தடவையும் விரலை ஆட்டிச் சொல்லுவார்: “மொத சீட்ட உட்டீங்கன்னா எல்லாம் போச்சு தம்பி.”

கடைசிப் பயணத்தை விட்டால் என்ன என்று கேட்பார்கள். அதுவும் கம்பெனியின் நிபந்தனைக்கு விரோதம்தான். ஆஸ்லோவில் தொடங்கி பிராங்க்பர்ட் வழியாக சியாட்டில் போய்வரும் டிக்கெட் வாங்கிய ஒரு பயணி, திரும்பும்போது பிராங்க்பர்ட்டிலேயே விலகி, வேறு டிக்கெட்டில் பெர்லினுக்குப் போய்விட்டார். லுஃப்தான்சா அவர் மீது 2,112 யூரோ கேட்டு வழக்குப் போட்டது. பெர்லின் நீதிமன்றம் 2018 டிசம்பரில் அதைத் தள்ளுபடி செய்தது. கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போனது. நமக்கு வழக்கை விடப் பெரிய தொல்லை பெட்டிதான். நாம் தோஹாவில் விலகினாலும் பெட்டி கொழும்புக்குப் போய்விடும். வெளிநாட்டில் தொடங்கி, எழுதியபடி முழுவதும் பறந்தால் இதில் ஒளிக்க எதுவும் இல்லை, யாருக்கும் பயப்பட வேண்டியதும் இல்லை.

தேடுவது எப்படி என்றால், கூகுள் ஃபிளைட்ஸில் புறப்படும் இடத்தில் சென்னை, கொழும்பு, கோலாலம்பூர் என்று பல ஊர்களை ஒரே பெட்டியில் சேர்த்துப் போடலாம். பிசினஸ் என்று மாற்றி, தேதிகளை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். நான் மூன்று விலைகளை எழுதிக்கொள்வேன்: சென்னை நேர் விமானம், சென்னையிலிருந்து நடுவில் இறங்கி ஏறுவது, கொழும்பில் தொடங்குவது. பிறகு கம்பெனியின் சொந்தத் தளத்தில் அதே விலை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரிய டிக்கெட்டை முதலில் வாங்குவேன். சின்ன டிக்கெட்டை அதற்குப் பிறகுதான். பெரிய விமானத்தின் நேரத்தைக் கம்பெனி மாற்றினால், தனியாக வாங்கிய கொழும்பு டிக்கெட்டுக்கு யாரும் பணம் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் அந்தச் சின்ன டிக்கெட்டில் தேதி மாற்றிக்கொள்ளும் வசதிக்குக் கூடுதலாக ஆயிரம் இரண்டாயிரம் கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.